மேட்டு லயத்தில் காணாமல் போனவர்கள்

1

ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் என் கணினியில் காணாமல் போனவர்களின் பட்டியல் ஒன்று வந்து விழும். பொலிஸ் பட்டியல் இல்லை. இவர்களைத் தேடி யாரும் போவதில்லை. நாங்கள் எண்ணுவோம், அவ்வளவுதான்.

நான் இருப்பது இங்கிலாந்தில், கொவன்ட்ரி நகரத்தில். பழைய சைக்கிள் தொழிற்சாலை ஒன்றை இடித்துக் கட்டிய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம். ஊரில் யாராவது "அங்க என்ன வேல பாக்குற?" என்று கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். இந்த முறை கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

மருத்துவத்தில் நெடுங்கால ஆய்வு என்று ஒன்று உண்டு. ஒரே ஆட்களைப் பத்து வருடம், இருபது வருடம் விடாமல் பின்தொடர்ந்து, குறித்த காலத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து, பிரசர் பார்த்து, எடை பார்த்து, யாருக்கு எந்த நோய் எப்போது வருகிறது என்று கண்டுபிடிப்பார்கள். அப்படி ஓர் ஆய்வைத் தொடங்க எத்தனை பேர் தேவை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும், நடுவில் எத்தனை பேர் விட்டுப் போவார்கள் என்றெல்லாம் கணக்குப் போட்டுத் தருவது எங்கள் மென்பொருள். முடிவில் எல்லா அளவுகளையும் சேர்த்து அர்த்தம் சொல்வதும் அதுதான். அதைக் கட்டிக் காப்பாற்றுகிற இரண்டு பேரில் நான் ஒருத்தி. உலகத்தில் பல நாடுகளில் பல ஆய்வுகள் அதில் ஓடுகின்றன. அதில் ஒன்று இலங்கையில், நம்ம மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் பிரசரையும் சிறுநீரகத்தையும் பற்றியது.

பட்டியலில் பெயர் வராது. இலக்கம், கடைசியாகப் பார்த்த திகதி, அதற்குப் பக்கத்தில் "தொடர்பு அறுந்தது" என்று ஒரு முத்திரை. அந்தத் திங்கட்கிழமை என்ன பிசகோ, வழக்கமாக மறைந்திருக்கும் குறிப்புப் பத்தியும் சேர்ந்து திறந்துகொண்டு வந்தது. களத்தில் வேலை செய்கிறவர்கள் எதையாவது எழுத விரும்பினால் எழுதிக்கொள்ள ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். அதில் இருப்பதை மென்பொருள் கணக்கில் எடுக்காது. நாங்களும் படிக்க மாட்டோம்.

ஓர் இலக்கத்துக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகளில் தமிழ் எழுதியிருந்தது. "மேட்டு லயம் ஒடஞ்சி போச்சி. எல்லாரும் பழைய புள்ள மடுவத்துல இருக்காங்க. இந்த அக்காவும் அங்கதான் இருக்கு." ஆறு மாதம் தள்ளி அதே பெட்டியில்: "அக்கா இங்கதான் இருக்கு. கால் வீங்கியிருக்கு." இன்னும் ஆறு மாதம் தள்ளி: "இருக்கு."

பிறகு ஒன்றும் இல்லை.

அந்தத் தோட்டத்தின் குறியீடு எனக்கு மனப்பாடம். கொத்மலைப் பக்கம், பணியக் கணக்கு என்று நாங்கள் சொல்லும் கீழ்ப்பிரிவு. நான் பிறந்த பிரிவு. லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. பிள்ளை மடுவம் என்பது தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம். நானும் அதில்தான் கிடந்திருக்கிறேன்.

அந்த இலக்கத்தின் இரத்தப் பரிசோதனைகளைத் திறந்து பார்த்தேன். மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள். மூன்றும் படிப்படியாக மோசம். மூன்றாவதன் பக்கத்தில் சிவப்புக் கொடி. உடனே வைத்தியரிடம் அனுப்பச் சொல்லி ஒரு கடிதம் மென்பொருளே தயார் செய்திருந்தது. அந்தக் கடிதம் போகவில்லை. முகவரி பொருந்தவில்லை என்று நிறுத்தி, "தொடர்பு அறுந்தது" என்று குத்திப் பூட்டியிருந்தது.

இரண்டு முறை தொடர்ந்து முகவரி பொருந்தாவிட்டால் கோப்பைப் பூட்டிவிடு என்ற விதியை மென்பொருளுக்குள் எழுதியவள் நான்.

2

இந்த நாட்டில் "எஸ்டேட்" என்ற சொல்லால் எனக்கு வந்த தொல்லை கொஞ்சமில்லை. தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்தேன் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சொன்னேன். பக்கத்து மேசைக்காரி கண்ணை விரித்து, "எவ்வளவு அழகு, குதிரைகள் இருந்தனவா?" என்றாள். நான் நிலத்துக்குச் சொந்தக்காரியின் மகள் என்று முடிவு கட்டிவிட்டாள். லயத்தில் பத்தடி அறை ஒன்றில், காம்பரா என்போம், ஆறு பேர் படுத்ததை விளக்க அன்றைக்கு என் ஆங்கிலம் போதவில்லை. இன்றைக்கு ஆங்கிலம் போதும், விளக்குகிற விருப்பந்தான் போய்விட்டது.

என் மகள் நித்யாவுக்குப் பதினேழு வயது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க, தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். "என் தாய் இலங்கையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்தவர்" என்று தொடங்கியிருந்தாள்.

"இதைப் படிக்கிறவங்க வேற மாதிரி நினைப்பாங்க," என்றேன்.

"பொய் இல்லையே அம்மா," என்றாள் ஆங்கிலத்தில். தமிழ் அவளுக்குக் காதில் மட்டும்தான் ஏறும், நாக்கில் வராது.

"உண்மையும் இல்ல."

"அப்போ லைன் ரூம்னு போடவா? அதை யாரும் புரிஞ்சுக்க மாட்டாங்க." அவள் திரையை மூடிவிட்டாள். அவள் எங்கள் தோட்டத்தைப் பார்த்ததே இல்லை. அப்பா அம்மா இருந்த காலத்திலேயே தம்பி அவர்களைக் கினிகத்தேனைக்குக் கூட்டிப் போய்விட்டான், அங்கே அவனுக்குக் கடை. நான் ஊருக்குப் போனால் கினிகத்தேனையோடு சரி. மேலே ஏறிப் பன்னிரண்டு வருடம். பாதை சரியில்லை, மழை, நேரமில்லை. காரணம் சொல்வதில் நான் கெட்டிக்காரி.

தமிழாட்களிடமும் நிலைமை அப்படித்தான். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். ஆனால் இங்கே சங்கத்துக் கூட்டங்களில் "நீங்கள் எவ்விடம்?" என்று கேட்பார்கள். மலைநாடு என்று சொன்னதும் "ஓ" என்று ஓர் ஓசை வரும். அந்த ஓசைக்குள் தோட்டத்து ஆட்கள் மேலுள்ள நூறு வருடத்து இளக்காரம் அடங்கியிருக்கும். பிறகு என் தமிழ் நல்ல தமிழ் என்று பாராட்டுவார்கள்.

அப்படிப்பட்ட நல்ல தமிழில்தான் எங்கள் ஆய்வின் கேள்விக்கொத்தையும் யாரோ மொழிபெயர்த்திருந்தார்கள். "கடந்த வாரத்தில் நீங்கள் எத்தனை தடவைகள் மிதமான உடற்பயிற்சியில் ஈடுபட்டீர்கள்?" முதுகில் கொழுந்தைச் சுமந்துகொண்டு செங்குத்தான மலையில் நாள் முழுக்க ஏறி இறங்கும் பெண்களிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் நாணயமாக "இல்லீங்க, அதெல்லாம் செய்றதில்ல" என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மென்பொருள் அத்தனை பேரையும் "உடலுழைப்பு அற்றவர்" என்ற பெட்டியில் போட்டு வைத்திருந்தது. அந்தப் பெட்டியை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளிவந்துவிட்டது. அதன் கடைசிப் பக்கத்தில் நன்றி கூறும் இடத்தில் என் பெயர் இருக்கிறது.

3

ஃபியோனா எங்கள் தலைவி. கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் தானே கேக் செய்து கொண்டுவருகிறவள்.

சிவப்புக் கொடியைப் பற்றிச் சொன்னேன். முகம் வாடிப் போய்க் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஆனால் அவர் தொடர்பு அறுந்தவர் அல்லவா?" என்றாள்.

"அறுபடவில்லை. எங்கே இருக்கிறார் என்று மூன்று தடவை எழுதியிருக்கிறார்கள்."

"குறிப்புப் பெட்டி தரவு அல்ல, சரோஜா. அது உனக்கே தெரியும்."

தெரியும். எங்கள் விதிகளின்படி, முடிவைப் பங்குபற்றுபவருக்குச் சொல்ல வேண்டுமானால் அவருடைய கோப்பு திறந்திருக்க வேண்டும். பூட்டிய கோப்பைத் திறக்க அவர் நேரில் புதிதாகக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து வாங்க அவரைத் தொடர்புகொள்ள வேண்டும். கோப்பு பூட்டப்பட்டவரைத் தொடர்புகொள்வது அவருடைய அந்தரங்கத்தில் தலையிடுவது, ஆகவே தடை. இந்த வட்டத்தை அழகான படமாக வரைந்து, பச்சை அம்புக்குறிகளோடு, தேநீர் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

"அந்த மலைநாட்டுத் தளத்தைப் பற்றியே பேச இருந்தேன்," என்றாள் ஃபியோனா. "மிக அதிகமானவர்களை இழக்கிறோம். அடுத்த காலாண்டில் மூடிவிட்டு வேறு நாட்டில் ஒன்றைத் திறக்கலாம் என்று யோசனை. அவர்கள் அடிக்கடி இடம் மாறுகிற மக்கள், அல்லவா?"

ஐந்து தலைமுறையாக ஒரே லயத்தில், ஒரே காம்பராவில் இருந்துவரும் ஆட்களைப் பற்றி இப்படிச் சொன்னது இது முதல் தடவையல்ல. ஆய்வைத் திட்டமிட்ட நாளில் "இடையில் எத்தனை பேரை இழக்க எதிர்பார்க்கிறீர்கள்?" என்று மென்பொருள் கேட்டது. இங்கிலாந்துத் தளத்துக்கு ஒரு சிறிய எண்ணைப் போட்டார்கள். மலைநாட்டுக்கு அதைவிட மூன்று மடங்கு. அன்றைக்கு அந்த அறையில் நானும் இருந்தேன். எண்ணைத் தட்டியதும் நான்தான்.

முகவரிப் பெட்டியும் என் கைவேலை. வீட்டிலக்கம், வீதியின் பெயர், தபால் குறியீடு. எதை விட்டாலும் அடுத்த பக்கம் திறக்காது. லயத்துக்கு வீதி ஏது? களத்தில் இருந்தவர்கள் வேறு வழியில்லாமல் லயத்தின் இலக்கத்தையும் காம்பராவின் இலக்கத்தையும் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். மண் சரிந்து லயம் உடைந்ததும் முகவரியும் உடைந்தது. புது இடத்தைப் போட்டால் இது வேறு ஆள் என்றது மென்பொருள்.

"ஊருக்குப் போக லீவு கேட்டிருந்தாயே," என்றாள் ஃபியோனா. "போகிற வழியில் அந்தத் தளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வா. மூடுவதற்கு முன் ஓர் அறிக்கை தேவைப்படும். உனக்குத்தான் மொழி தெரியுமே."

4

தோட்டத்துக்குள் போக அனுமதி வேண்டும். தோட்டத்துக் காரியாலயத்தில் பெரிய கிளாக்கர் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துச் சிங்களத்தில் பேசினார். என் சிங்களம் துருப்பிடித்துக் கிடந்தது. வாயைத் திறந்தால் ஆங்கிலம் வந்தது. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் மன்னிக்கச் சொல்லி ஒரு "சொறி" வேறு. கடைசியில் தமிழில், "ஐயா, நான் பணியக் கணக்குதான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "லொறி டிரைவர் ராமையா மகளா? ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணின புள்ள?"

"ஆமாங்க."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே. உக்காருங்க, தேத்தண்ணி குடிங்க." தேத்தண்ணி வந்தது. குடித்து முடித்ததும், "கடிதம் வேணும்," என்றார்.

கடிதத்தை அவரே தட்டெழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். பெற்றுக்கொண்டதாக அவரே முத்திரை குத்தினார். ஒரு பிரதியைக் கோப்பில் வைத்துவிட்டு எனக்கும் ஒன்று தந்தார். இங்கிலாந்தில் இதே வேலை மூன்று வாரம் எடுக்கும், தேத்தண்ணியும் கிடைக்காது.

வெளியே சந்திரகலா காத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஆய்வின் கள உத்தியோகத்தர், வலப்பனைப் பெண், முப்பது வயதிருக்கும். குறிப்புப் பெட்டியில் எழுதியது அவள்தான். ஆட்டோவில் ஏறியதும் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"மேடம், நீங்கதான் அந்தக் கமென்ட்ட படிச்சீங்களா?"

"ஆமா."

"மொதல்ல அட்ரஸ்ஸ மாத்திப் போட்டுப் பாத்தேன். செவப்பு எழுத்துல என்னமோ வந்து ஏத்துக்க மாட்டேன்னுச்சு. கொழும்பு ஆபீசுக்குச் சொன்னேன். அவங்க, சிஸ்டம் அப்படித்தான், நம்ம ஒண்ணும் செய்ய ஏலாதுன்னாங்க. அப்புறந்தான் கமென்ட்ல எழுதினேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அடிக்கடி எழுதினா வேலைய விட்டுத் தூக்கிருவாங்களோன்னு பயம். அதான் கடைசியில 'இருக்கு'ன்னு மட்டும் போட்டேன்."

பிள்ளை மடுவத்தில் நான்கு குடும்பங்கள். தொட்டில் கட்டிய வளையங்கள் இன்னும் கூரை மரத்தில் இருந்தன. அதில் இப்போது உடுப்புக் காயப் போட்டிருந்தார்கள். தற்காலிகமாக என்று சொல்லிக் கொண்டுவந்து விட்ட தோட்ட நிர்வாகத்தார் பிறகு அந்தப் பக்கம் வரவில்லையாம். குடும்பத்துக்குக் குடும்பம் இடையில் தகரத்தை வைத்து மறைத்திருந்தார்கள். மூன்றாவது தகரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவளுக்கு முந்தி அடையாளம் கண்டுகொண்டேன்.

அவளைப் பாக்கியம் என்று சொல்கிறேன். உண்மைப் பெயர் வேறு. இதை எழுத அவளைக் கேட்டபோது "என் பேரயே போடு, எனக்கென்ன பயம்" என்றாள். நான்தான் மாற்றினேன். பத்தாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. தகப்பன் மரத்திலிருந்து விழுந்ததும் தொழிலாளியாகப் பேர் பதிந்து கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டாள்.

"சரோஜாவா?" என்றாள். "ஒடம்பு வச்சிட்டடி."

பழைய கதை பேச எனக்குத் தைரியம் வரவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னேன். ஆய்வில் அவளைத் தொடர்பு அறுந்தவர்கள் பட்டியலில் போட்டிருக்கிறார்கள், அதைச் சரிசெய்ய வேண்டும் என்று.

"அப்படின்னா?"

"காணாமப் போனவங்கன்னு அர்த்தம்."

அவள் சந்திரகலாவைப் பார்த்தாள். பிறகு என்னை. "நேத்து காலைல பெரட்டுல பேர் கூப்டாங்க. ஆமான்னேன். முந்தாநாளும் கூப்டாங்க. ஒரு நாள் போகலேன்னா மறுநாளே ஏன் வரலேன்னு ஐயா கேப்பாரு. என்னையக் காணோம்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். அங்கே பெயர் கூப்பிடுவதற்கு ஒரு பதிவேடு உண்டு, செக்ரோல் என்போம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அந்தப் பதிவேடு ஓர் ஆளைத் தவறவிட்டதில்லை. ஆளின் உழைப்பு வேண்டியிருந்தது, அதனால் ஆள் எங்கே என்று தெரிந்துகொண்டார்கள். கணினி இல்லாமல், பென்சிலால். எங்களுக்கு அவளுடைய அளவுகள் மட்டும்தான் வேண்டியிருந்தன.

பதினாறு பக்கச் சம்மதப் படிவத்தை நீட்டினேன். முடிவை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக்கூடாது என்பது விதி. அவளுடைய கால்களைப் பார்த்தேன். செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. விதி மறந்துபோய்விட்டது.

"பாக்கியம், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம். கிட்னி சரியில்ல போல இருக்கு. ரத்தத்துல தெரிஞ்சிருக்கு."

"எப்ப எடுத்த ரத்தம்?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தி."

"ரெண்டு வருசமா யாருக்குத் தெரியும்?"

"கம்ப்யூட்டருக்கு."

"ஒனக்கு?"

"போன மாசந்தான்."

அவள் உள்ளே போனாள். அடுப்பில் கேத்தல் வைக்கும் சத்தம் கேட்டது. எவ்வளவு கோபம் இருந்தாலும் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விட மாட்டார்கள் எங்கள் ஆட்கள். அது எனக்கு அன்றைக்கு ஒரு தண்டனை மாதிரி இருந்தது. கோப்பையைக் கையில் தந்துவிட்டு நின்றபடியே சொன்னாள்.

"மலையில நிக்கிறதாலதான் கால் வீங்குதுன்னு நெனச்சேன். தைலம் தேச்சிக்கிட்டுக் கெடந்தேன். ஒங்க ஆளுங்க வந்து ரத்தம் எடுக்கும்போது, ஏதாச்சும்னா சொல்லுவோம்னு சொன்னாங்க. ஒண்ணும் சொல்லல. அப்ப ஒண்ணுமில்லன்னு இருந்தேன்."

"தப்புதான்."

"நீ சொல்லி நான் வரல. சந்திரகலா கூப்பிட்டா வாரேன்."

சந்திரகலா, "வாங்கக்கா, போயிட்டு வருவோம்," என்றாள் மெதுவாக.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பாக்கியம் கையெழுத்துப் போட்டாள். பள்ளிக்கூடத்தில் போட்ட அதே கையெழுத்து, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு.

5

கண்டிக்குப் போனோம். பஸ்ஸில் பாக்கியமும் சந்திரகலாவும் ஒரு சீட்டில், நான் பின்னால். பாக்கியம் சந்திரகலாவிடம் மடுவத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

இரத்தம் எடுத்து, ஸ்கேன் பார்த்து, மறுபடி வரச் சொல்லி, நான்கு நாள் அலைந்தோம். கடைசியில் ஓர் இளம் வைத்தியர் முடிவுகளை மேசையில் பரப்பிவிட்டுச் சிங்களத்தில் சொன்னார். பிரசர் பல வருடமாக உயர்ந்திருக்கிறது. சிறுநீரகத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தை மாத்திரையாலும் சாப்பாட்டாலும் காப்பாற்றலாம். இரண்டு வருடம் முந்தி வந்திருந்தால் நிறையக் காப்பாற்றியிருக்கலாம்.

நான் அவள் பக்கம் திரும்பி, எதைச் சொல்லி எதை விடுவது என்று வார்த்தை தேடினேன்.

"வெளங்குச்சு," என்றாள் பாக்கியம். அவளுடைய சிங்களம் என்னுடையதைவிட எப்போதும் நல்ல சிங்களம்.

வெளியே மர வாங்கில் இருந்தோம். மருந்துத் துண்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான்கு நாளில் முதல் தடவையாக அவளாகவே என்னிடம் பேச்செடுத்தாள்.

"ஒங்க லிஸ்ட்டுல இன்னும் எத்தன பேரு இருக்காங்க, காணாமப் போனவங்கன்னு?"

"நெறையப் பேரு."

"அவங்களுக்கும் இப்படி இருக்குமா?"

"சில பேருக்கு இருக்கலாம்."

"அப்ப இங்க ஒக்காந்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்காத. போய்த் தேடு."

சந்திரகலாவும் நானும் தேடினோம். ஒரு மண்ணும் கஷ்டமாக இருக்கவில்லை. பதினொரு நாளில் அநேகமாக எல்லாரையும் கண்டுபிடித்தோம். ஒருத்தி கொழும்பில் வீட்டு வேலை, பொங்கலுக்கு வருவாள் என்று அக்கா சொன்னாள். இன்னொருத்தி கல்யாணம் கட்டிப் பக்கத்துத் தோட்டம். இரண்டு பேர் இறந்திருந்தார்கள். கூடுதலானவர்கள் பாக்கியத்தைப் போலத்தான், முந்தி இருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். அவர்களில் மூன்று பேருடைய கோப்பில் சிவப்புக் கொடி. ஒருத்திக்குப் பாக்கியத்தைவிட மோசம். ஒவ்வொரு வாசலிலும் சந்திரகலா எனக்கு முன்னால் போனாள். ஆட்களுக்கு அவளைத் தெரிந்திருந்தது. என்னைக் கண்டதும் நாற்காலி தேடினார்கள்.

6

கொவன்ட்ரிக்குத் திரும்பியதும் விதியை மீறியதற்காக எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்தார்கள். அதே வாரம் பாராட்டும் வந்தது. காணாமல் போனவர்கள் கிடைத்துவிட்டதால் மலைநாட்டுத் தளம் மூடப்படவில்லை. "இலங்கையிலிருந்து ஒரு வெற்றிக் கதை" என்று தலைப்பிட்டு ஃபியோனா ஒரு மாநாட்டுக்குப் படங்கள் தயாரித்தாள். முதல் படத்தில் ஒரு தேயிலை மலை. அது எங்கள் மலையே அல்ல, இலங்கையே அல்ல. இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததாம். சந்திரகலாவின் பெயர் எங்கும் இல்லை. சேர்க்கச் சொன்னேன், இடம் போதாது என்றார்கள். விடாமல் கேட்டேன், கடைசிப் படத்தின் அடியில் சிறிய எழுத்தில் போட்டார்கள். எழுத்துப் பிழையோடு.

ஐந்தாவது படம் ஒரு கோட்டுப்படம். பெயர் இல்லாமல் ஒரு பெண்ணின் சிறுநீரகம் வருடா வருடம் எப்படி இருந்தது என்று காட்டியது. இலக்கத்தைப் பார்த்தேன். பாக்கியம். முதல் மூன்று புள்ளிகள் இறங்கின. பிறகு இரண்டு வருடம் தாண்டிக் கண்டியில் எடுத்த அளவு ஒரு புள்ளி. நடுவில் பார்த்தால், மென்பொருள் தானாக ஒரு கோட்டை இழுத்து இரண்டையும் இணைத்திருந்தது. அழகாக, வழவழவென்று. பார்க்கிறவர்கள் அந்த இரண்டு வருடமும் யாரோ அவளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்ததாகத்தான் நினைப்பார்கள்.

"இந்தக் கோட்டை எடுத்துவிடுங்கள்," என்றேன்.

"எதற்கு? எல்லாரும் இப்படித்தான் வரைவார்கள்," என்றாள் ஃபியோனா. "இடைவெளி விட்டால் தரவு மோசமாகத் தெரியும்."

"மோசமாகத்தான் இருந்தது."

"சரோஜா, இது புள்ளிவிபரம். நடுவில் என்ன இருந்திருக்கும் என்று நியாயமான ஊகம்."

நியாயமான ஊகம். அந்த இரண்டு வருடத்தில் பாக்கியத்துக்கு லயம் உடைந்தது, கால் வீங்கியது, தைலம் தேய்த்துக்கொண்டு மலை ஏறினாள். எங்கள் கோட்டில் அது ஒரு சாய்வு. நானும் வீட்டில் இதைத்தானே செய்துவந்திருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்திப் பார்த்த தோட்டத்தையும் தொலைபேசியில் கேட்ட நான்கு செய்தியையும் ஒரு கோட்டால் இணைத்து, ஊரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று சங்கத்துக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

ஃபியோனா அந்தப் படத்தை மாற்றவில்லை. மாநாட்டில் எல்லாரும் கைதட்டினார்களாம்.

வசந்தத்தில் மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவந்தது. முகவரிப் பெட்டியில் வீதி கட்டாயமில்லை. சிவப்புக் கொடி விழுந்த கோப்பு இனிமேல் பூட்டிக்கொள்ளாது. இவை கூட்டத்தில் பேசி முடிவானவை. மூன்றாவது மாற்றத்தையும் கூட்டத்தில் சொன்னேன்: ஆளைப் போய்ப் பார்க்காத காலத்துக்குக் கோடு இழுக்காமல் இடைவெளி விட ஒரு வசதி. "விரும்பினவர்கள் தேர்ந்தெடுக்கட்டும்," என்றாள் ஃபியோனா. சரி என்றேன். தேர்ந்தெடுக்கும் வசதியை வைத்தேன். எதையும் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு எது வர வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அவர்களுக்கு இடைவெளிதான் வரும்படி வைத்தேன். மூன்று வரி வேலை.

பாக்கியம் மாதா மாதம் சந்திரகலாவோடு கண்டிக்குப் போய் வருகிறாள். கருவாடு இல்லாமல் எப்படிச் சோறு தின்பது என்று என்னிடம் தொலைபேசியில் ஏசுகிறாள். மிச்சமிருக்கிற சிறுநீரகம் இதுவரைக்கும் தாக்குப்பிடிக்கிறது. இன்னும் பிள்ளை மடுவத்தில்தான் இருக்கிறாள்.

எனக்கு இப்போது தினமும் முறைப்பாடுகள் வருகின்றன. எந்தெந்த நாட்டிலிருந்தோ, பெரிய பெரிய பட்டங்கள் பெற்றவர்கள். புதிய பதிப்பில் கோடுகள் உடைந்து உடைந்து வருகின்றன, தயவுசெய்து திருத்தித் தாருங்கள் என்று. எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் எழுதுகிறேன். "உடையவில்லை. அந்த நாட்களில் அவரை யாரும் போய்ப் பார்க்கவில்லை."

போன வாரம் அதே முறைப்பாடு ஃபியோனாவிடமிருந்து வந்தது. அவளுக்கும் அதே பதிலை அனுப்பினேன்.